மரத்தடியில் பாவம், கோயிலுக்குள் அறிவிப்பு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் எனக்குத் துறவறம் கொடுத்துவிட்டார்கள். கச்சிராயபாளையம் பஸ் எங்கே நிற்கும் என்று நேரக்காப்பாளரிடம் கேட்டேன். அங்கே என்ன வேலை என்றார். அங்கிருந்து மலைக்குப் போகவேண்டும், ஒரு மாதா கோயில், ஆராய்ச்சி என்றேன். கூட வீட்டுக்காரர் வரவில்லையா என்றார். கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மொதல்லயே சொல்றதில்லீங்களா சிஸ்டர்," என்று எழுந்து, நிழலில் இருந்த பெஞ்சில் சாய்ந்திருந்த இரண்டு பேரைக் கிளப்பிவிட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். மறுத்திருக்கலாம்தான். ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நான்கு நாட்களில் நான் வாயை மூடிய ஒரே சந்தர்ப்பம் அது.

நான் பெல்ஜியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். தலைப்பைச் சொன்னால் தூத்துக்குடியில் இருக்கிற என் சொந்தக்காரர்கள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த நாட்டில் சில பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். கன்னியர் மடத்திலும் சேரவில்லை, யாருக்கும் மனைவியாகவும் போகவில்லை. துணி நெய்தார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், கடவுளைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். பேசலாம், ஆனால் பிரசங்கம் பண்ணக்கூடாது. அது குருக்களுக்கு மட்டும். அந்தப் பெண்கள் என்ன லேசுப்பட்டவர்களா? கனவில் கண்டதைச் சொல்கிறோம் என்றார்கள், பக்கத்து வீட்டுக்காரிக்குப் புத்தி சொல்கிறோம் என்றார்கள், பிரசங்கம் என்ற பெயரை மட்டும் வைக்காமல் பிரசங்கத்தைப் பண்ணித் தீர்த்தார்கள். இந்தத் தில்லாலங்கடி வேலைதான் என் ஆராய்ச்சி.

இதைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை என் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். சட்டமெல்லாம் இருக்கிறது, குரலைத்தான் காணோம் என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். அன்று விடுதிச் சாப்பாட்டறையில் உருளைக்கிழங்கின் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் சிஸ்டர் ரெஜினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். இதுக்காகவா கண்ணைக் கெடுத்துக்கறே, ஊருக்குப் போறப்ப எங்க சித்தி கோயில்ல படிக்கிற அறிவிப்பை ஒருதரம் கேட்டுட்டு வா என்றார். விடுமுறைக்கு ஊர் வந்ததும் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் எதிரே பாய் கடையில் பிரியாணி. கூடவே கத்திரிக்காய்த் தொக்கு வைத்தார்கள். நான் பரோட்டாவுக்கென்றே பிறந்த தூத்துக்குடிக்காரி, பிரியாணிக்கும் கத்திரிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் முறைத்தேன். மூன்றாவது முறை தொக்கு கேட்டபோது பாயே எழுந்து வந்து கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மலைக்கு வெறும் கையோடு போகாதீர்கள், வர்க்கி வாங்கிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையும் அவருடையதுதான்.

கச்சிராயபாளையத்தில் மலை பஸ் எனக்காகக் காத்திருக்கவில்லை. பெல்ஜியத்தில் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே டீக்கடைக்காரர், பஸ் இப்பத்தான் போச்சு, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று என்மேல் வருத்தப்பட்டார். கல்யாணச் சீர் ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி மேலே போனது. கட்டில், மெத்தை, ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, அவற்றின் இடுக்குகளில் ஒன்பது பேர், பத்தாவதாக நான். மூன்றாவது வளைவில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. டிரைவர் எல்லாரையும் இறங்கச் சொன்னார். பீரோ இறங்கவில்லை. அது பொண்ணு வீட்டுச் சீர், அதை இறக்குனா மரியாதையா இருக்குமா என்றார் ஒருவர். மீதி மலையைப் பாதிக்குமேல் நடந்தே ஏறினோம். பீரோக் கண்ணாடியில் என் முகம் எனக்கு முன்னால் சொகுசாக மலையேறிக்கொண்டிருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று லூர்துமேரி அக்கா சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. சிஸ்டர் ரெஜினாவின் சித்தி அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். கீழ் நாட்டிலிருந்து கூலி வேலைக்கு மலையேறி வந்து தங்கிவிட்ட பதினாறு வீடுகள், அவர்களே ஓடு போட்டுக் கட்டிக்கொண்ட ஒரு கோயில், கோயிலுக்கு வெளியே ஒரு பெரிய பலாமரம். அவ்வளவுதான் ஊர். வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்த எனக்குச் சாமைச் சோறும் பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. கருவாடு எங்கள் கடலோரத்திலிருந்து வந்ததாம். என்னை முந்திக்கொண்டு வந்திருக்கிறது, பீரோ மாதிரி.

வெள்ளிக்கிழமை. மாதத்தின் முதல் வெள்ளியும் அதையடுத்த ஞாயிறும் மட்டும்தான் கீழேயிருந்து ஃபாதர் மேலே வருவார். பூசைக்கு முன்னால் பலாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார். பாவம் சொல்கிறவர்கள் மரத்தடியில் வரிசையில் நிற்பார்கள். மற்றவர்களைக் கோயிலுக்குள் அடக்கிவைக்க வேண்டும். விட்டால் மரத்தைச் சுற்றி வந்து நின்றுகொள்வார்கள், அடுத்தவன் பாவத்தைக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதற்காக ஊர் கண்டுபிடித்த வழிதான் அறிவிப்பு. வரிசை தீரும்வரை லூர்துமேரி அக்கா கோயில் கதவைச் சாத்திவிட்டு அறிவிப்புப் படிப்பார். வரிசை சின்னதாக இருந்தால் அறிவிப்பு பத்து நிமிடம். பாவம் ஜாஸ்தியென்றால் அறிவிப்பும் ஜாஸ்தி. வரிசையில் ஒரு காது மந்தமான பெரியவர் எப்போதும் உண்டு, அவர் ஒருவருக்கே இருபது நிமிடம்.

அக்கா கையில் ஒரு நோட்டு இருந்தது. எட்டிப் பார்த்தேன், துடைப்பம், ஆடு என்று இரண்டே சொற்கள். ஜன்னல் வழியாக வரிசையை ஒரு கண் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கோயில் பெருக்கற முறை இந்த வாரம் மேலத்தெரு. மேலத்தெருன்னா அங்க இருக்கற பொம்பளைங்க மட்டும்னு எந்த வேதத்துலயும் எழுதல. ஆண்டவரு சீடருங்க காலைக் கழுவுனாரு. தொடப்பத்தைக் குடுத்திருந்தா பெருக்கியும் இருப்பாரு. அதனால இந்த வாரம் ஆம்பளைங்க பெருக்குங்க."

ஆண்கள் பக்கம் யாரும் நிமிரவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து ஆடு. அந்தோணியின் ஆடு ஒன்று, காது கிழிந்தது, காணாமல் போயிருக்கிறது.

"நம்ம ஆண்டவரு சொன்ன கதையில மேய்ப்பன் தொண்ணூத்தொம்பது ஆட்டை விட்டுட்டு ஒரு ஆட்டைத் தேடிப் போறாரு. நல்ல மனுசன். ஆனா அந்த தொண்ணூத்தொம்பதை யாரு பார்த்துக்கினு இருந்தாங்க? அவரு பொண்டாட்டிதான் பார்த்திருப்பா. அவளைப் பத்தி எழுதல. ஆட்டைப் பார்த்தவங்க அந்தோணி வூட்டுல சொல்லுங்க. அந்தோணிகிட்ட இல்ல, வூட்டுல."

முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். நான் ஒலிப்பதிவுக் கருவியை அமுக்க மறந்தேன், பேனாவை மறந்தேன், வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். எங்கள் தூத்துக்குடியில் பிரசங்கம் ஆரம்பித்தால் ஆண்கள் பாதிப் பேர் வெளியே போய் நிற்பார்கள். இங்கே ஒரு ஆள் இருமவில்லை. பழுப்பேறிய காகிதங்களில் நான்கு வருடமாக நான் தேடிய குரல் ரப்பர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஆனந்தத்தில் தலைகால் புரியவில்லை. அந்த நிலையில் மனுஷி வாயைத் திறக்கக்கூடாது. நான் திறந்தேன்.

பூசை முடிந்து ஃபாதர் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். இந்தப் பங்குக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முப்பத்தைந்து வயது, கூச்ச சுபாவம், சாப்பாட்டைக் குறை சொல்லத் தெரியாத நல்ல மனிதர். அவர் மரத்தடியில் இருப்பதால் அறிவிப்பை ஒருநாளும் கேட்டதில்லை. நான் அவரிடம், என் வாழ்நாளில் இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை ஃபாதர், உங்களுடையதைச் சொல்லவில்லை, அக்காவுடையதைச் சொல்கிறேன் என்றேன். அதோடு விட்டேனா? மேலத்தெரு, துடைப்பம், மேய்ப்பன் பொண்டாட்டி என்று முழுவதையும் நடித்தும் காட்டினேன்.

அக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார். அவர் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். ஃபாதர் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மறையுரை, அதான் பிரசங்கம், குருதான் ஆத்தணும்னு சட்டம் இருக்குங்க," என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாம நடந்த வரைக்கும் ஒண்ணுமில்ல. இப்ப தெரிஞ்சுபோச்சே. நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை முதல் அறிவிப்பைத் தானே படித்துவிடுவதாகச் சொன்னார். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, கொடுத்து முடிந்தபின், ஐந்து நிமிடம் போதும். நோட்டை மட்டும் எழுதித் தந்துவிடுங்கள் என்றார். அக்கா சரிங்க சாமி என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்தக் காலத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு பெண் பேசுவது ஆபத்தாவது அவள் பேசும்போது அல்ல, படித்த யாராவது வந்து ஆகா என்று பாராட்டும்போது. இதை என் அத்தியாயத்தில் அடிக்குறிப்போடு எழுதியிருக்கிறேன். எழுதி என்ன? அறிவு இருக்க வேண்டாமா கழுதைக்கு!

சனிக்கிழமை காலை. அக்கா களைக்கொத்தை மட்டும் என் கையில் கொடுத்தார். மரவள்ளிக் காட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசை களை வெட்டினோம். நான் களையையும் வெட்டினேன், மரவள்ளியையும் வெட்டினேன். பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது மன்னிப்புக் கேட்டேன். கீழே போய் ஃபாதரிடம் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடட்டுமா என்றேன்.

"நீ இனிமே ஒரு வார்த்தை பேசாத பாப்பா," என்றார். பிறகு அவரே பேசினார். "மாசம் பூரா எனக்கு இன்னா பேச்சு வருது? களை வெட்டு, தண்ணி புடி, சோறு ஆச்சா. நான் வாயைத் தொறந்தா உக்காந்து கேக்கறது அந்த கோயில்ல மட்டுந்தான். களை வெட்டிக்கினே அடுத்த தபா இன்னா சொல்லலாம்னு யோசிச்சுக்கினு இருப்பேன். இனிமே எதை யோசிக்கறது?"

 அழுதுவிட்டேன். என் அத்தியாயம் நாசமாகப் போகட்டும், இந்த மனுஷிக்கு அவர் பேச்சு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. அக்கா என் அழுகையைச் சட்டை செய்யாமல் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, உன் புஸ்தகத்துல இருக்கற பொம்பளைங்களைத் தடுத்தப்ப அவங்க இன்னா பண்ணாங்க என்று கேட்டார்.

பேசாதே என்றவர் கேட்கிறாரே என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். சிலரை எரித்தார்கள், சிலர் அடங்கிப் போனார்கள், சிலர் தங்கள் ஞானகுருவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் எழுதிவைத்து ஊருக்குப் படித்துக் காட்டினார். அவள் சொன்னால் குற்றம், அதையே அவர் படித்தால் புண்ணியம்.

அக்கா கஞ்சித் தூக்கை மூடினார். "நம்ம சாமி நோட்டுல இருக்கறதை வார்த்தைக்கு வார்த்தை படிப்பாரா?"

படிக்காமல் என்ன, கையில் கொடுத்ததைப் படிப்பார் என்றேன். அக்கா முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. சரி எழுந்திரு, வெயில் ஏறிக்கினு போவுது என்றார். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவர், சாயங்காலம் கோழி அடையும்வரை எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர்தான் சோறு வடித்தார். என்ன எழுதுகிறார் என்று பார்க்கப் போனேன், விரட்டிவிட்டார்.

ஞாயிறு காலை ஃபாதர் பைக்கில் வந்து இறங்கி நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனார். வரிசை நின்றது. கோயிலுக்குள் அறிவிப்பு இல்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தண்ணீர் குடிக்க வெளியே போனார், அவரைப் பார்க்க இரண்டு பேர் போனார்கள். பத்து நிமிடத்தில் ஊர் மொத்தமும் பலாமரத்தைச் சுற்றி, மரத்தில் எத்தனை காய் தொங்குகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் காது மந்தமான பெரியவரின் முறை வந்தது. தம்பி நிலத்துப் பக்கம் வேலியை நகர்த்தி நட்டுவிட்டேன் சாமி என்று நான்கு தெருவுக்குக் கேட்கும் குரலில் சொன்னார். தம்பி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தினி அடிண்ணே?"

"ரெண்டு அடிடா," என்றார் பெரியவர், கடவுளுக்குச் சொல்வது போலவே. அப்புறம் நடந்தது பாவசங்கீர்த்தனம் இல்லை, பஞ்சாயத்து. வரிசையில் மிச்சமிருந்த ஒன்பது பேரும் தங்களுக்குப் பாவமே இல்லை என்று வீட்டுக்குப் போகப் பார்த்தார்கள். ஃபாதர் வியர்த்துப்போய் நாற்காலியிலிருந்து எழுந்து, எல்லாரும் உள்ளே வாங்க, பூசை வைத்துவிடலாம் என்றார். வேலிக்காரச் சகோதரர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

நன்மை கொடுத்து முடித்து, ஃபாதர் நோட்டைத் திறந்தார். காலையில் நடந்த கூத்தில் அதை முன்கூட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

"தண்ணித் தொட்டி மோட்டார் ரிப்பேர்," என்று ஆரம்பித்தார். "சரியாவுற வரைக்கும் கிணத்துலதான் எடுக்கணும். கிணத்தாண்ட பொம்பளைங்க பேசிக்கினு நிக்கறாங்கன்னு யாரும் குறை சொல்லாதீங்க. ஆண்டவரே கிணத்தாண்ட ஒரு பொம்பளைகிட்ட பேசிக்கினு நின்னவருதான்." குருமடத்தில் பயிற்சி பெற்ற அந்தக் கனத்த குரலில் கிணத்தாண்ட என்ற சொல் வந்ததும் பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. ஃபாதர் ஒரு கணம் நின்றார். நிறுத்தினால் அசிங்கம், மேலே படித்தார். "அவ கொடத்தை அங்கயே வெச்சுட்டு ஊருக்குள்ள ஓடி எல்லாருக்கும் சொன்னா. அது பிரசங்கம் இல்ல, அறிவிப்பு. ஊரே எழுந்து வந்துச்சு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் அத்தியாயத்தில் பதினெட்டுப் பக்கம் சுற்றி வளைத்ததை ஒரு மோட்டார் ரிப்பேரில் முடித்துவிட்டார். அடுத்தது ஆடு. ஆடு தானாகவே வீடு திரும்பிவிட்டது, தேடப் போன அந்தோணிதான் டீக்கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை என்று ஃபாதர் வாயாலேயே ஊருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதற்கடுத்தது நான்.

"கடக்கரை ஊர்லேர்ந்து ஒரு பாப்பா வந்துகிது. நல்ல பொண்ணு. படிப்பு ஜாஸ்தி, வாய் அதைவிட ஜாஸ்தி. அதுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவோம்."

ஊரே முழங்காலிட்டு என் வாய்க்காகச் செபித்தது. நானும் சொன்னேன், பக்தியோடுதான் சொன்னேன். ஃபாதருக்குத் தோள் குலுங்கியது. இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

"கடைசி அறிவிப்பு. ஆண்டவரு உயிர்த்த அன்னிக்கு காலையில, அதை மொதமொத ஒரு பொம்பளைகிட்டதான் சொல்லி அனுப்புனாரு. அவ பேரு மகதலா மரியா. அவகிட்ட அவரு..."

ஃபாதர் நிறுத்திவிட்டார். வாய் அசையாமல் கண் மட்டும் அந்தப் பக்கத்தில் கீழே இறங்கிப் போனது, திரும்ப மேலே வந்தது.  அக்கா பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

"இந்த எடத்துல எழுத்து எனக்குப் புரியலீங்க," என்றார் ஃபாதர். "நீங்களே வந்து படிச்சிடுங்க."

அக்காவின் எழுத்து இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் மாதிரி குண்டு குண்டாக இருக்கும். அது ஊருக்கே தெரியும். அக்கா எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து நோட்டை வாங்கினார்.

"போய் என் சகோதரங்ககிட்ட சொல்லுன்னாரு," என்று படித்தார். "அவளும் போய்ச் சொன்னா. சொல்லலாமான்னு யாரையும் கேக்கல."

பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த எனக்கு அது தெரிந்தது, பீடத்தில் நின்ற ஃபாதருக்கும் தெரிந்தது. அக்கா வெற்றுத் தாளைப் பார்த்து, இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் நிற்கிற ஒரு வேலியைப் பற்றிப் படித்துக்கொண்டே போனார். ஆசீர் கொடுப்பதற்காகத் தூக்கிய கையை ஃபாதர் மெல்ல இறக்கிக்கொண்டு, பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.